டர்பனில் பழைய பேஸ் கிட்டார் வாங்க விரும்புவோருக்கு

மின் பேஸ் கிட்டார் வாசிக்கும் நம் இளைஞர் பலருக்கு, 1960களிலோ 1970களிலோ செய்யப்பட்ட கருவி ஒன்றைச் சொந்தமாக்கிக்கொள்ள வேண்டும் என்ற ஆசை நெடுநாளாக இருக்கிறது. நம் தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட், பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆகிய ஊர்களில் திருமண வரவேற்புகளிலும் கோயில் விழாக்களிலும் தேவாலயங்களிலும் வாசிப்பவர்கள், பல ஆண்டுகள் பணம் சேர்த்து அந்த ஆசையை நிறைவேற்றிக்கொள்ள முற்படுகிறார்கள். அப்படிச் சேர்த்த பணம், போதிய சோதனை இல்லாமல் ஒரே மாலையில் கைமாறிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். கருவிகளைச் சேகரித்து வைப்பவர் பார்க்க வேண்டியவை வேறு, வாங்கி மேடையில் வாசிப்பவர் பார்க்க வேண்டியவை வேறு. சேகரிப்பவருக்கு ஆண்டும் அசல் பாகங்களும் முதன்மையானவை. வாசிப்பவருக்கு, தந்திகள் ஓடும் நீண்ட பிடிப்பகுதியான கழுத்தே முதன்மையானது. கழுத்து நன்றாக இருந்தால் மற்றக் குறைகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொள்ளலாம். கழுத்து கெட்டுவிட்ட கருவி எவ்வளவு புகழ்பெற்ற ஆண்டைச் சேர்ந்ததாயினும் வாசிப்புக்கு உதவாது.

எதைத் தேடுகிறீர்கள் என்று முடிவுசெய்யுங்கள்

கடைக்கோ விற்பவர் வீட்டுக்கோ போவதற்கு முன்பே, எந்த வகைக் கருவி வேண்டும் என்பதில் உங்களுக்குத் தெளிவு இருக்க வேண்டும். லியோ ஃபெண்டரின் நிறுவனம் 1951இல் பிரிசிஷன் பேஸை வெளியிட்டது. 1957இல், தந்தியின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் அதன் பிக்கப் இரண்டு துண்டுகளாகப் பிரித்து வைக்கப்பட்டது. பிரிசிஷன் என்றதும் நம் காதில் ஒலிக்கும் கனத்த, உருண்ட ஒலி அந்த அமைப்பிலிருந்து வருவது. 1960இல் வந்த ஜாஸ் பேஸுக்குப் பிக்கப் இரண்டு. மேல்முனையில் தந்திகளைத் தாங்கும் சிறு துண்டான நட் அருகே கழுத்தின் அகலம் சுமார் 38 மில்லிமீட்டர்தான். பிரிசிஷனின் கழுத்து, ஆண்டுக்கேற்ப, ஏறக்குறைய 41 முதல் 45 மில்லிமீட்டர் வரை அகலமாக இருக்கும். இரண்டிலும் தந்தியின் அதிரும் நீளம் 34 அங்குலம். கை சிறியவர்களுக்கு 30.5 அங்குல நீளமுள்ள கிப்சன் இ.பி.-3 போன்ற குறுநீளக் கருவிகள் எளிதாக இருக்கும். ஆனால் அவற்றின் ஒலி மங்கலாகவும் தடிப்பாகவும் இருக்கும் என்பதை ஏற்றுக்கொண்டுதான் வாங்க வேண்டும். 1976இல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே 9 வோல்ட் பேட்டரியில் இயங்கும் உட்பெருக்கி உடையது. அதன் ஒலி வெட்டித் தெரியும்.

நம் மேடைகளில் ஒரே இரவில் இளையராஜாவின் பாடலும் இந்திப் பாடலும் ஆங்கில நடனப் பாடலும் அடுத்தடுத்து வரும். இளையராஜாவின் இசைக்குழுவில் சசிதரன் வாசித்த பேஸ் பகுதிகளை முயன்றவர்களுக்கு, மேல் ஃப்ரெட்களில் (கழுத்தின் முன்புற விரல்பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) விரல் தடையின்றி ஓட வேண்டும் என்பது தெரியும். அவற்றை விரும்பி வாசிப்பவருக்கு ஜாஸ் பேஸின் குறுகிய கழுத்து உதவும். பாடகருக்குப் பின்னால் நின்று அடித்தளத்தை மட்டும் தாங்க விரும்புபவருக்குப் பிரிசிஷனே போதும். இரண்டில் ஒன்றைச் சொல் என்று கேட்டால் நான் பிரிசிஷனையே சொல்வேன், ஏனெனில் கூட்ட இரைச்சலிலும் மோசமான ஒலிபெருக்கியிலும் அதன் குரல் அடங்குவதில்லை.

அடுத்தது ஆண்டு. ஃபெண்டர் நிறுவனத்தை அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனமான சி.பி.எஸ். 1965 ஜனவரியில் வாங்கியது. அதற்கு முந்தைய கருவிகளின் விலை இன்று, நல்ல நிலையில் உள்ள ஒரு பழைய காரின் விலையைத் தொடுகிறது அல்லது தாண்டுகிறது. சேகரிப்பவர்களின் போட்டியே அதற்குக் காரணம். 1970களின் கருவிகள் ஒப்பீட்டளவில் எட்டக்கூடியவை. அவற்றுள் நல்லவையும் உண்டு, அலட்சியமாகச் செய்யப்பட்டவையும் உண்டு. ஆகவே ஆண்டை நம்பாமல் ஒவ்வொரு கருவியையும் தனியாகச் சோதித்தே தீர வேண்டும். அந்தப் பத்தாண்டின் ஆஷ் மர உடல் கொண்ட கருவிகள் சில 5 கிலோ எடையை நெருங்குகின்றன. திருமண வரவேற்பு முழுவதும் நின்று வாசிப்பவரின் தோளும் முதுகும் அதைத் தாங்குமா என்று இப்போதே யோசியுங்கள்.

முதன்முறை வாங்குபவர்களுக்கு ஜப்பானியக் கருவிகளையே நான் மனமாரப் பரிந்துரைக்கிறேன். 1982இல் ஃபெண்டர் ஜப்பான் தொடங்கப்பட்டு, ஃபுஜிகென் ஆலையில், 1950களின் பிற்பகுதி, 1960களின் மாதிரிகளைப் பார்த்து மிகுந்த அக்கறையோடு கருவிகள் செய்யப்பட்டன. ஜே.வி. என்ற எழுத்துகளுடன் தொடங்கும் வரிசை எண் கொண்ட, 1982 முதல் 1984 வரையிலான ஃபெண்டரும் அதன் துணைப் பெயரான ஸ்க்வயரும் இன்று நாற்பது வயதைத் தாண்டிவிட்டன. யமாஹா பி.பி. வரிசை, ஏரியா ப்ரோ 2, கிரெக்கோ, டோக்காய், ஐபனெஸ் ஆகியவற்றின் அக்காலக் கருவிகளும் நம்பத்தக்கவை. தலைப்பகுதியில் உள்ள பெயருக்காக மட்டும் பணம் கொடுக்க வேண்டியதில்லை. 1986இல் அமெரிக்கப் பாடகர் பால் சைமனுடன் வாசித்து உலகின் கவனத்தை ஈர்த்த நம் நாட்டுக் கலைஞர் பக்கித்தி குமாலோவின் கையில் அப்போது இருந்தது ஃப்ரெட் இல்லாத ஒரு வாஷ்பர்ன்தான்.

பணத்தை எப்படிப் பிரித்து வைப்பது

கையில் உள்ள தொகை முழுவதையும் கருவியின் விலையாகக் கருதாதீர்கள். பழைய கருவி எதுவாயினும் வாங்கியவுடன் ஒரு தேர்ந்த பழுதுபார்ப்பவரிடம் போக வேண்டியிருக்கும்: ஃப்ரெட்களைச் சமன்படுத்துதல், நட்டைச் சீர்செய்தல், மின்னிணைப்புகளைத் துப்புரவாக்குதல், புதிய தந்தி, உறுதியான பெட்டி. இவற்றுக்காக மொத்தத் தொகையில் ஐந்தில் ஒரு பங்கையாவது ஒதுக்கி வையுங்கள். ஃப்ரெட் முழுவதையும் மாற்ற வேண்டுமானால் செலவு இன்னும் கூடும். எவ்வளவு ஆகும் என்பதை வாங்குவதற்கு முன்பே பழுதுபார்ப்பவரிடம் கேட்டு வைத்துக்கொண்டால், விலை பேசும்போது அந்தத் தொகையைக் கழித்துக் கேட்க முடியும்.

எங்கே கிடைக்கும்

இணைய விளம்பரத் தளங்களான கம்ட்ரீ, ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் ஆகியவற்றில் நாள்தோறும் தேடலாம். அடகுக் கடைகளிலும் பழம்பொருள் கடைகளிலும் சில சமயம் நல்ல கருவிகள் வந்து சேரும். ஆனால் நம் சமூகத்துக்கே உரிய வழி வேறொன்று. 1970களிலும் 1980களிலும் டர்பனைச் சுற்றி இசைக்குழுக்கள் பல இயங்கின. அவற்றில் வாசித்த பெரியவர்களின் கருவிகள் இன்றும் அலமாரிகளின் மேலும் கட்டில்களின் அடியிலும் கிடக்கின்றன. கோயில் செயற்குழு உறுப்பினர்கள், தேவாலய இசைக்குழுவின் மூத்தவர்கள், மண்டபங்களில் ஒலிபெருக்கி அமைப்பவர்கள் ஆகியோரிடம் சொல்லி வையுங்கள். நான் பார்த்த நல்ல கருவிகளில் பல இப்படி வாய்மொழியாக வெளிவந்தவை.

இந்த வழியில் வாங்குபவருக்கு ஒரு கடமையும் உண்டு. கணவரை இழந்த ஆயா ஒருவர், அலமாரியில் கிடக்கும் பெட்டியில் இருப்பதன் மதிப்பு அறியாமல் மிகக் குறைந்த தொகைக்கு அதைக் கொடுக்க முன்வரலாம். அப்போது உண்மையான மதிப்பைச் சொல்லிவிட்டு, உங்களால் கொடுக்க முடிந்த நியாயமான விலையைச் சொல்லுங்கள். அவருடைய மகனையோ பேரனையோ உடன் வைத்துக்கொண்டு பேசுவது இன்னும் நல்லது. நம் குடும்பங்கள் ஒன்றுக்கொன்று தெரிந்தவை. ஏமாற்றி வாங்கிய கருவியோடு ஒரே மண்டபத்தில் நிற்க எவராலும் முடியாது.

நேரில் போவதற்கு முன்

விற்பவரிடம் ஒளிப்படங்கள் கேளுங்கள்: தலைப்பகுதியின் முன்னும் பின்னும், கழுத்தும் உடலும் சேரும் இடம், கழுத்தைப் பிணைக்கும் பின்புறத் தகடு, ஃப்ரெட்களின் நெருக்கமான தோற்றம், முடிந்தால் கட்டுப்பாட்டுத் தகட்டின் அடிப்பகுதி. ஒரு தாளில் அன்றைய தேதியை எழுதிக் கருவியின் மேல் வைத்து எடுத்த படம் ஒன்றும் வேண்டும். கருவி அவர் கையில்தான் இருக்கிறது என்பதற்கு அது சான்று. படம் அனுப்பத் தயங்குபவரிடமும், பார்ப்பதற்கு முன்பே முன்பணம் கேட்பவரிடமும் மேற்கொண்டு பேச வேண்டாம். எப்போது வாங்கினார், யாரிடமிருந்து வாங்கினார், என்னென்ன மாற்றினார், ஏன் விற்கிறார் என்ற கேள்விகளை எழுத்து வடிவில் அனுப்பி, பதிலையும் எழுத்தில் பெறுங்கள்.

எடுத்துச்செல்ல வேண்டியவை: உங்கள் சொந்தக் கேபிள், சிறிய ஆம்ப்ளிஃபையர் (ஆம்ப்) அல்லது ஹெட்ஃபோன் ஆம்ப், சுருதி காட்டும் ட்யூனர், கைவிளக்கு, மல்டிமீட்டர், ஸ்குரூடிரைவர், ஃபீலர் கேஜ். கடைசியாகச் சொன்னது ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியை அளக்க மெக்கானிக்குகள் பயன்படுத்தும் தகட்டுத் தொகுதிதான். மோட்டார் உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும். நண்பர் ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள். வாங்கும் ஆசை இல்லாத கண் ஒன்று அங்கே இருப்பது மிகவும் உதவும்.

கழுத்தைச் சோதித்தல்

கருவியைக் கையில் வாங்கியதும் வாசிக்கத் தொடங்காதீர்கள். முதலில் தந்திகளைச் சரியான சுருதிக்கு ஏற்றுங்கள். தளர்ந்த தந்தியுடன் எந்தக் கழுத்தும் நேராகத் தோன்றலாம். பிறகு கருவியின் அடிப்பகுதியைக் கண்ணருகே வைத்துக்கொண்டு, தச்சர் பலகையின் விளிம்பைப் பார்ப்பதுபோல், விரல்பலகையின் இரு விளிம்புகளையும் தலைப்பகுதி நோக்கிப் பாருங்கள். இரு விளிம்புகளும் ஒரே அளவில் வளைந்திருந்தால் அது இயல்பான வளைவு, பெரும்பாலும் சரிசெய்யக்கூடியது. ஒரு விளிம்பு உயர்ந்தும் மற்றொன்று தாழ்ந்தும் இருந்தால் கழுத்து முறுக்கிக்கொண்டிருக்கிறது. முறுக்கிய கழுத்தை விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்காதீர்கள்.

அடுத்து, முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே தந்தியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, 7ஆவது அல்லது 8ஆவது ஃப்ரெட்டின் மேல் தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்று ஃபீலர் கேஜால் அளவிடுங்கள். 0.3 முதல் 0.5 மில்லிமீட்டர் வரை இருந்தால் நல்லது. அதற்கு மேல் இருந்தால் கழுத்தினுள் ஓடும் இரும்புக் கம்பியான ட்ரஸ் ராடைத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும்; அந்தக் கம்பிக்கு இன்னும் திரும்ப இடம் இருக்கிறதா என்பதுதான் இங்கே உயிரான கேள்வி. திருகு கடைசி எல்லை வரை இறுக்கப்பட்டும் கழுத்து வளைந்தே இருந்தால், அந்தக் கருவியை விட்டுவிடுங்கள். பழைய பிரிசிஷன்களிலும் 1970களின் நடுப்பகுதிக்கு முந்தைய ஜாஸ் பேஸ்களிலும் இந்தத் திருகு கழுத்தின் அடிப்புறத்தில் இருக்கும். கழுத்தைக் கழற்றாமல் அதை முழுமையாகத் திருப்ப இயலாது. ஆகவே விற்பவரின் இசைவோடு, ஒரு பழுதுபார்ப்பவரின் முன்னிலையில் இதைச் செய்வதே முறை. விலை பெரிதாக இருந்தால், கருவியை ஒரு மணி நேரம் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோய்ப் பார்க்கலாமா என்று கேட்பதில் தவறில்லை.

கழுத்து உடலோடு சேரும் இடத்தில், கடைசிச் சில ஃப்ரெட்கள் மேல்நோக்கி எழும்பியிருக்கின்றனவா என்றும் பாருங்கள். பல ஆண்டுகள் இறுக்கமான தந்திகளைத் தாங்கிய கழுத்துகளில் இது வரும். தந்தி உயரத்தைத் தாழ்த்தினால் அந்த ஃப்ரெட்களில் தந்தி மோதி இரையும். ட்ரஸ் ராட் இதைச் சரிசெய்யாது. ஃப்ரெட்களைக் கழற்றி விரல்பலகையைச் சீவித்தான் நேராக்க முடியும். கிப்சன் கருவிகளில் தலைப்பகுதி பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால், கீழே விழுந்தால் நட்டின் பின்புறத்தில் உடையும். அந்த இடத்தில் கைவிளக்கின் ஒளியைச் சாய்வாக அடித்து, மயிரிழை அளவுள்ள கோடு ஏதும் தெரிகிறதா என்று தேடுங்கள். நன்றாக ஒட்டப்பட்ட முறிவு வாசிப்புக்குத் தடையாகாது. ஆனால் விலை ஏறக்குறைய பாதியாகிவிட வேண்டும்.

இங்கே டர்பனின் காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடலோர ஈரத்தில் மரம் நீரை உறிஞ்சி வீங்கும். ஜோகன்னஸ்பர்க்கின் வறண்ட குளிர்காலத்தில் அதே மரம் சுருங்கும். அங்கிருந்து வரும் கருவிகளின் விரல்பலகை சுருங்கி, ஃப்ரெட்களின் முனைகள் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு கையைக் கீறும். இங்கே வந்து சில வாரங்கள் ஆனதும் கழுத்தின் வளைவும் மாறும். இவை பயப்பட வேண்டிய குறைகள் அல்ல. கருவி புதிய காற்றுக்குப் பழகிய பிறகு சரிசெய்துகொள்ளலாம். கடலோரத்தில் நெடுங்காலம் இருந்த கருவிகளில் அஞ்ச வேண்டியது உப்புத் துரு. தந்திகளின் கீழ்முனையைத் தாங்கும் பிரிட்ஜின் சிறு திருகுகள், தந்தியை முறுக்கும் ஆணிகள், ட்ரஸ் ராடின் திருகு ஆகியவை இறுகிப் பிடித்திருக்கலாம். அவற்றைச் சற்றே அசைத்துப் பார்க்காமல் விலை பேச வேண்டாம்.

ஒரு குறையை மட்டும் மன்னித்துவிடுங்கள். ஃபெண்டர் வகைப் பேஸ்களில் ஜி தந்தியின் 5ஆவது முதல் 7ஆவது ஃப்ரெட் வரையிலான பகுதியில் ஏதோ ஓரிடத்தில் சுரம் விரைவாக அணைந்துவிடும். கழுத்தின் அதிர்வு அந்தச் சுரத்தின் ஆற்றலை விழுங்கிக்கொள்வதால் நிகழ்வது அது. மிகச் சிறந்த கருவிகளிலும் உண்டு.

அசலா, மாற்றப்பட்டதா

கழுத்து தேறியபின்தான் ஆண்டை ஆராய வேண்டும். வரிசை எண் மட்டும் சான்றாகாது. 1976 வரை ஃபெண்டரின் எண் பெரும்பாலும் பின்புறத் தகட்டில்தான் பொறிக்கப்பட்டது. நான்கு திருகுகளைக் கழற்றினால் அந்தத் தகட்டை எந்தக் கருவியிலும் பொருத்தலாம். தலைப்பகுதியில் உள்ள பெயர் ஒட்டியும் போலியாகக் கிடைக்கிறது. ஒன்றையொன்று உறுதிசெய்யும் பல அடையாளங்களைச் சேர்த்துப் பார்ப்பதே வழி.

1960களின் கழுத்துகளில் அடிப்பகுதியில் முத்திரை இருக்கும். ‘5 நவம்பர் 66 பி’ என்ற பொருளில் ஆங்கில எழுத்துகளில் ஒரு முத்திரையைக் கண்டால், 5 என்பது தேதி என்று பலர் கருதிவிடுகிறார்கள். அது பிரிசிஷன் பேஸின் மாதிரிக் குறியீடு. ஜாஸ் பேஸானால் 7 இருக்கும். கடைசி எழுத்து நட்டின் அகலத்தைக் குறிக்கிறது: ஏ என்றால் ஒன்றரை அங்குலம், பி என்றால் ஒன்றே ஐந்தெட்டாம் அங்குலம், சி என்றால் ஒன்றேமுக்கால் அங்குலம். கட்டுப்பாட்டுத் தகட்டைத் திறந்தால் ஒலியளவையும் தொனியையும் மாற்றும் பாட்களின் உலோக முதுகில் எண் தெரியும். முதல் மூன்று இலக்கங்கள் செய்த நிறுவனத்தைக் குறிப்பவை: 137 என்றால் சி.டி.எஸ்., 304 என்றால் ஸ்டாக்போல். அடுத்தவை ஆண்டும் வாரமும். 1376632 என்றால் 1966ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தில் செய்யப்பட்ட சி.டி.எஸ். பாட். கருவி அதற்கு முன் செய்யப்பட்டிருக்க முடியாது என்பதை மட்டுமே இது காட்டும். ஃபெண்டர் 1966இல் பெருமளவு பாட்களை வாங்கி இருப்பு வைத்ததால், அந்த ஆண்டின் பாட்கள் அதற்குப் பிந்தைய கருவிகளிலும் காணப்படுகின்றன.

உருவ அடையாளங்களையும் ஒப்பிடுங்கள். ரோஸ்வுட் விரல்பலகை 1959இல் வந்தது. 1962இன் நடுப்பகுதி வரை அடிப்பகுதி தட்டையான தடித்த பலகையாகவும், பிறகு வளைந்த மெல்லிய பலகையாகவும் ஒட்டப்பட்டது. 1970களின் பிற்பகுதியில் ஜாஸ் பேஸின் கழுத்து மூன்று திருகுகளால் பிணைக்கப்பட்டது. பிரிசிஷனில் நான்கே தொடர்ந்தன. ஆகவே 1978ஆம் ஆண்டுப் பிரிசிஷன் என்று சொல்லப்படும் கருவியில் மூன்று திருகுகளைக் கண்டால் கேள்வி எழுப்புங்கள்.

வண்ணப்பூச்சைப் பொறுத்தவரை, 1960களின் பிற்பகுதிக்கு முந்தைய நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு காலப்போக்கில் மஞ்சளடித்து, வெள்ளையைத் தந்த நிறமாகவும் நீலத்தைப் பச்சை கலந்ததாகவும் காட்டும். மெல்லிய விரிசல் கோடுகளும் ஓடும். பிக்கப்களின் அடியிலும் தகட்டின் அடியிலும் ஒளிபடாத பகுதியில் மூல நிறம் தெரிய வேண்டும். அங்கும் வெளியேயும் ஒரே நிறமாக இருந்தால் மீண்டும் பூசப்பட்டிருக்கலாம். மறுபூச்சு கருவியின் சந்தை மதிப்பை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கும்; ஒலியை அவ்வாறு குறைக்காது. வாசிப்பதற்காக வாங்கும் உங்களுக்கு இது பெரிய வாய்ப்பு: நல்ல கழுத்தும் அசல் பிக்கப்களும் மறுபூச்சும் கொண்ட கருவியையே தேடிப் பிடியுங்கள். மறுபூச்சை மறைத்து முழு விலை கேட்பவரிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள்.

தகட்டைத் திறக்கும் முன் அனுமதி கேளுங்கள். மீண்டும் மூடும்போது, திருகை முதலில் இடப்பக்கமாக மெல்லச் சுழற்றுங்கள்; பழைய புரிக்குள் அது சட்டென்று இறங்குவதை விரல் உணர்ந்தபின் வலப்பக்கம் முடுக்குங்கள். பழைய மரத்தில் புதுப் புரி வெட்டப்படாமல் இருக்க இதுவே வழி.

மின்பகுதியும் வாசிப்பும்

கேபிளைச் செருகி, ஒலியளவை முழுமையாகத் திறந்து, கேபிளின் மறுமுனையில் மல்டிமீட்டரை வைத்தால் பிக்கப்பின் மின்தடையை ஓரளவு அறியலாம். பிரிசிஷனில் 10 கிலோஓம் அளவிலும், ஜாஸ் பேஸில் பிக்கப்களைத் தனித்தனியாக அளந்தால் ஒவ்வொன்றும் 7 முதல் 8 கிலோஓம் அளவிலும் இருக்கும். அளவு இதைவிட மிகப் பெரிதாக இருந்தாலோ எதுவுமே காட்டாவிட்டாலோ பிக்கப்பின் சுருள் அறுந்திருக்கக்கூடும். ஈரக் காற்றில் மெல்லிய செம்புக் கம்பி அரிக்கப்படுவதுண்டு. மீண்டும் சுற்ற முடியும், ஆனால் செலவை விலையில் கழிக்க வேண்டும். பாட்களைத் திருப்பும்போது கரகரத்தால் கவலை வேண்டாம். துப்புரவுத் திரவத்தில் சரியாகிவிடும்.

பிறகு உட்கார்ந்து, ஒவ்வொரு தந்தியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் மெதுவாக வாசியுங்கள். 12ஆவது ஃப்ரெட்டில் சுருதி சேர்கிறதா என்று ட்யூனரில் பாருங்கள். அதன்பின் உங்களுக்கு நன்கு பழகிய இரண்டு மூன்று பாடல்களை ஆம்பில் வாசியுங்கள், நின்றுகொண்டும் வாசியுங்கள். கருவி பிடித்துவிட்டது என்று முகத்தில் காட்ட வேண்டாம், ஆனால் பிடிக்காத கருவியை ஆண்டுக்காக எடுத்துவரவும் வேண்டாம்.

விலை பேசிப் பணம் கொடுத்தல்

கேட்கப்படும் விலைகளைப் பார்க்காதீர்கள். இணையச் சந்தைகளில் உண்மையில் விற்று முடிந்த விலைகளைப் பாருங்கள். கண்ட குறைகளை ஒவ்வொன்றாக, விற்பவரை இழிவுபடுத்தாமல் எடுத்துச் சொல்லி, அவற்றின் செலவைக் கழித்து ஒரு தொகையைச் சொல்லுங்கள்.

தனியாரிடம் வாங்கும் பொருள் நம் நாட்டில் பெரும்பாலும் ‘ஃபுட்ஸ்டூட்ஸ்’ முறையில், அதாவது உள்ளது உள்ளபடியே, விற்கப்படுகிறது. கடையில் வாங்கினால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தரும் ஆறு மாத உத்தரவாதம், தொழிலாக அல்லாமல் ஒருமுறை விற்கும் தனிமனிதரிடம் செல்லாது. தெரிந்தே ஒரு குறையை மறைத்து ஏமாற்றியவர் அந்தச் சொல்லின் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது என்றாலும், அதை மெய்ப்பிக்கும் பொறுப்பு உங்களுடையது. எனவே ஒரு தாளில் கருவியின் பெயர், வரிசை எண், ஆண்டு பற்றி விற்பவர் சொன்னது, தெரிந்த குறைகள், விலை, இருவர் பெயரும் அடையாள எண்ணும் எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள். அடையாள அட்டையைக் காட்ட மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். திருட்டுக் கருவியாக இருக்கலாம். பெருந்தொகையை ரொக்கமாகச் சுமந்து செல்லாமல், கருவி கையில் இருக்கும்போதே வங்கி வழியாக மின்னணுப் பணமாற்று (இ.எஃப்.டி.) அனுப்புங்கள். முன்பின் தெரியாதவரைக் காவல் நிலையத்தின் வளாகத்தில் சந்திப்பது இங்கே வழக்கமாகிவிட்டது. அதைக் கேட்பதில் கூச்சப்பட வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால்

ஜப்பானிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வரவழைப்பவர்கள் ராண்ட் மதிப்பின் ஏற்ற இறக்கத்தையும் வரியையும் கணக்கிட வேண்டும். இறக்குமதி மதிப்புக்கூட்டு வரி 15 விழுக்காடு. ஆனால் அது விலையின் மேல் நேரடியாகக் கணக்கிடப்படுவதில்லை. சுங்க மதிப்புடன் 10 விழுக்காடு கூட்டி, தீர்வை ஏதும் இருந்தால் அதையும் சேர்த்து, அந்தத் தொகையின் மேல் வரி போடப்படும். 40,000 ராண்ட் மதிப்புள்ள கருவிக்குத் தீர்வை இல்லாவிட்டாலும் 44,000இன் மேல் 6,600 ராண்ட் வரி வரும். அஞ்சல் செலவும் காப்பீடும் தனி.

மரமும் சட்டச் சிக்கல் ஆகலாம். 1960களின் நடுப்பகுதி வரை ஃபெண்டர் பயன்படுத்திய பிரேசில் ரோஸ்வுட், அழியும் உயிரினங்களின் வணிகம் குறித்த சைட்டீஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் 1992 முதல் இருக்கிறது. உரிய சான்றுகள் இல்லாமல் அது எல்லை தாண்டக் கூடாது, தாண்டினால் பறிமுதல் ஆகலாம். பிற்காலத்தில் பயன்பட்ட இந்திய ரோஸ்வுட், தமிழகத்தின் மேற்குத் தொடர்ச்சி மலைகளிலும் வளரும் தோதகத்தியே. 2017இல் அதற்கும் கட்டுப்பாடு வந்தது; 2019 நவம்பர் இறுதியில், செய்து முடிக்கப்பட்ட இசைக்கருவிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. ஆகவே வெளிநாட்டில் வாங்குவதாயின் 1970களின் கருவியோ ஜப்பானியக் கருவியோ தொல்லை குறைந்தது. அமெரிக்காவிலிருந்து பழைய ஆம்பையும் சேர்த்து வரவழைத்தால், 120 வோல்ட்டுக்குச் செய்யப்பட்ட அதை நம் 230 வோல்ட் மின்சாரத்தில் நேரடியாகச் செருகக் கூடாது. மின்னழுத்தம் குறைக்கும் மாற்றி வேண்டும்.

வீட்டுக்கு வந்தபின்

முதல் இரண்டு மூன்று வாரங்கள் ட்ரஸ் ராடைத் தொடாதீர்கள். கழுத்து நம் காற்றுக்குப் பழகட்டும். அதன்பின் பழுதுபார்ப்பவரிடம் முழுச் சீரமைப்புக்குக் கொடுங்கள். தந்தியைத் தேர்ந்தெடுக்கும்போது இழுவிசையைக் கவனியுங்கள். அமெரிக்க பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சனைப் பின்பற்றி 52 முதல் 110 வரையிலான (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கில் அளந்த தடிமன்) கனத்த தட்டைச்சுற்றுத் தந்திகளைப் பூட்ட விரும்புபவர்கள், வயதான கழுத்து அதைத் தாங்குமா என்று முதலில் கேட்டறிய வேண்டும். 45 முதல் 105 வரையிலான தொகுதி பெரும்பாலான கருவிகளுக்குப் போதும். வாசித்து முடித்ததும் தந்தியையும் பிரிட்ஜையும் உலர்ந்த துணியால் துடைக்காவிட்டால், கடற்காற்றும் வியர்வையும் சேர்ந்து சில மாதங்களிலேயே உலோகத்தைத் தின்றுவிடும். பெட்டிக்குள் ஈரமானி ஒன்றை வைத்து, 45 முதல் 55 விழுக்காடு வரை ஈரம் இருக்குமாறு சிலிக்கா ஜெல் பைகளால் பார்த்துக்கொள்ளுங்கள். கோடைக்காலத்தில் அவற்றை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும். காரின் பின்பெட்டியில் வெயிலில் விட்டுவிட்டுப் போக வேண்டாம்.

கழற்றிய அசல் பாகம் எதையும் எறியாதீர்கள். திருகு முதல் பழைய பாட் வரை ஒரு பையில் போட்டுப் பெயரெழுதி வையுங்கள். கருவியின் எல்லாப் பக்கங்களையும் வரிசை எண்ணையும் படமெடுத்து, விற்பனைத் தாளின் நகலோடு காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பி, வீட்டுக் காப்பீட்டில் வெளியே எடுத்துச்செல்லும் பொருளாகத் தனியே பெயர் குறிப்பிட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள். கூலி வாங்கி வாசிப்பவராயின் அதையும் மறைக்காமல் அவர்களிடம் தெரிவியுங்கள். தொழிலுக்குப் பயன்படும் கருவிக்கு வீட்டுக் காப்பீடு இழப்பீடு தர மறுக்கக்கூடும், அவ்வாறாயின் அதற்கெனத் தனிக் காப்பீடு எடுக்க வேண்டும்.